ஏற்றாமல் விட்ட எண்பது கிலோ

விமானப் பயணிகள் குறைதீர்ப்பு மன்றத்தில், விசாரணை அலுவலர் முன்பாக, மனுதாரர் சொல்லச் சொல்ல எழுத்தரால் எழுதப்பட்டது.

மேல் தாளில் உள்ள பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை என்னுடையவை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் ஒருவரும் வீட்டைக் காட்டமாட்டார்கள். டன் மாமா வீடு எது என்று கேட்க வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. முதலில் ஐம்பத்திரண்டு என்று சொன்னேன். அடையாள அட்டையைப் பார்த்த அலுவலர் கேட்டதன் பேரில் திருத்திக்கொள்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கல்லூரி வாசலை மிதித்தவன் என்று நான் சொன்னது, அந்தக் கல்லூரி கட்டும்போது ஜல்லி லாரியில் ஏறிப் போய் இறங்கியதைத்தான்.

தொழில், எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடுவது. முப்பத்தொரு வருடமாக அதே மேடை, அதே அறை, அதே கம்பி ஜன்னல். சரக்கோடு வரும் வண்டியை மேடையில் ஏற்றி மொத்த எடை எடுப்போம். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டியை எடை எடுப்போம். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் நிற்பது சரக்கு. சீட்டு அச்சாகி வரும். அதில் நான் எண்ணைப் பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன், கேட் திறக்கும், வண்டி போகும். ஒரு நாளைக்கு ஆயிரம் சீட்டு. நூற்றிருபது என்று திருத்திக்கொள்கிறேன். அச்சில் உள்ள மற்ற வரிகளை இந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் படித்ததில்லை. எடை விஷயத்தில் ஒரு கிலோ கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. மற்ற விஷயங்களில் கொஞ்சம் தாராளமாகப் பேசுவேன். அதை மறைக்கவில்லை.

எனக்கு ஒரு அக்கா. ஏழு வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் என்னைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டு வளர்த்தது அவள்தான். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு முழு நாள் பிடிக்கும் ஊரில் மகளோடு இருக்கிறாள். என் பேச்சுக்குச் சரியாக எடை போடத் தெரிந்த ஒரே ஆள் அவள். நான் முதலையைப் பிடித்தேன் என்று ஆரம்பித்தால், “உடும்பாடா?” என்பாள். நான் பேசாமல் இருந்தால், “ஓணானா?” என்பாள். ஆமாம் என்பேன். “சரி, வண்டி எடைய கழிச்சிட்டேன். சரக்கு ஒரு ஓணான். அந்த ஓணான் கதைய சொல்லு” என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து கேட்பாள். ஊரில் எல்லோரும் என்னைப் புளுகன் என்று முழுதாகத் தள்ளினார்கள். அவள் கழிக்க வேண்டியதை மட்டும் கழிப்பாள்.

போன வருடம் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி என்று கண்டுபிடித்து, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். முந்தின நாள் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொண்டையில் குழாய் வைத்துவிடுவார்கள், அதன் பிறகு பேச்சு கிடையாது என்று நாள் குறித்தார்கள். அதன் பிறகு அக்கா எனக்கு ஃபோன் செய்து, “டேய், வியாழக்கிழமையிலிருந்து உன்ன யாரும் குறுக்கு விசாரணை பண்ண மாட்டாங்க. ஜாலிதானே உனக்கு?” என்றாள். நான் சிரித்தேன். அதன் பிறகு அவள், “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ஃபோன்ல இல்ல. நீ மூஞ்சிய வெச்சிக்கிட்டு எதிர்ல உக்காரணும். புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள வந்துடு. குரல் இருக்கும்போதே சொல்லணும்” என்றாள்.

அவள் இப்படி அழுத்திச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் அத்தான் மருத்துவமனையில் கடைசி நிலையில் இருந்தபோது என்னை வரச் சொன்னாள். நான் பஸ் நிலையம் வரை போனேன். மருத்துவமனை வாசனையை நினைத்ததும் பஸ்ஸில் ஏற மனம் வரவில்லை. வழியில் பாலம் இடிந்துவிட்டது, பஸ் எல்லாம் திரும்பிவிட்டது என்று ஃபோனில் சொன்னேன். அந்த வழியில் பாலமே கிடையாது. அன்றைக்கு அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அதனால் இந்தத் தடவை எப்படியும் போய்விடுவது என்று இருந்தேன். அக்கா மகளே விமான டிக்கெட் எடுத்து அனுப்பினாள். விமானத்தில் ஐம்பது தடவை போனவன் என்று முன்பு சொன்னேன். அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை விமானம் பகல் பதினொன்று நாற்பதுக்கு. நான் காலை ஏழு மணிக்கே விமான நிலையம் போய்விட்டேன். ஒன்றேகால் மணி நேரம் பறந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் இரண்டு மணிக்கு அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன், ஆறு மணி வரை நான்கு மணி நேரம் அவள் பேசக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதன் பிறகு கவுன்டரில் ஒரு பெண் என் பையைத் தராசில் வைத்தாள். ஒன்பது கிலோ காட்டியது. நான் கையால் தூக்கிப் பார்த்ததும் ஒன்பதுதான். அவள் இருக்கை எண் போட்ட அட்டை கொடுத்தாள். பன்னிரண்டாம் எண், ஜன்னல் ஓரம்.

அதன் பிறகு பதினொன்று ஐந்துக்கு வாசலில் வரிசை போட்டார்கள். நான் நான்காவது ஆள். கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் ஒருவர் கையில் தாளோடு வந்து என் அட்டையைப் பார்த்து, “சார், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க” என்றார். ஒதுங்கினேன். “சின்ன ப்ளேன் சார். இன்னிக்கு வெயிட் ஜாஸ்தியாயிடுச்சு. ஒரு ஆள நிறுத்தியாகணும்” என்றார். எவ்வளவு கிலோ ஜாஸ்தி என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்” என்றார். “எனக்கு அது ஒண்ணுதான் சார் புரியும். வேற எதுவும் புரியாது” என்றேன். நான் கட்டாயம் போக வேண்டும், அக்கா காத்திருக்கிறாள் என்று அப்போதே சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், பை எடை போடும் தராசில் என்னையும் ஏறச் சொன்னார். எழுபத்தொன்று காட்டியது. சரியான எடை. அதன் பிறகு ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டி, “அடுத்த ஃப்ளைட்ல ஏத்தறதுக்கு சார். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, அப்பத்தான் அனுப்ப முடியும்” என்றார்.

அந்தத் தாள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. ஆங்கிலம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொன்னேன். அலுவலர் மேஜை மேலிருந்த புத்தகம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எண்களும் என் பெயரும் மட்டும் வாசிப்பேன் என்று திருத்திக்கொள்கிறேன். தாளில் ஆள் 71, பை 9, மொத்தம் 80 என்று இருந்தது. மூன்று எண்ணும் சரி. எங்கள் மேடையில் எண் சரியாக இருந்து கையெழுத்து விழுந்தால் கேட் திறக்கும். கை தன் பழக்கத்துக்குப் போனது. போட்டுவிட்டேன். ஒரு கவரையும் கையில் கொடுத்தார். சாப்பாட்டுச் சீட்டு என்று நினைத்துச் சட்டைப்பையில் வைத்தேன். அதை இன்றுவரை பயன்படுத்தவில்லை, ஒட்டியது ஒட்டியபடி மன்றத்தில் ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு எல்லோரும் ஏறிவிட்டார்கள். கதவை மூடப் போகும் நேரத்தில் ஒருவர் காதில் ஃபோனோடு நிதானமாக நடந்து வந்தார். சூப்பர்வைசர் இரண்டு எட்டு முன்னால் போய், “வாங்க சார், உங்களுக்காகத்தான் வெயிட்டிங்” என்று அவரை உள்ளே அனுப்பினார். அந்த ஆளின் எடை தொண்ணூற்றாறு கிலோ. கையில் இருந்த பெட்டி பதினான்கு. ஆக நூற்றுப்பத்து. பார்வையிலேயே எப்படிச் சொல்ல முடியும் என்று அலுவலர் கேட்டார். எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தர் எண்பத்து மூன்று கிலோ என்றேன். போன வாரம் பார்த்தபோது எண்பத்து இரண்டரை என்று எழுத்தர் ஒப்புக்கொண்டார். வாரம் ஒன்று ஆகிவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நான் சத்தம் போட்டது உண்மை. “எண்பத எறக்கிட்டு நூத்திப்பத்த ஏத்தறீங்களே, எந்த ஊர்த் தராசுய்யா இது?” என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள் என்று சொன்னேன். யாரும் தட்டவில்லை. ஓடிப்போய் விமானத்துக்குக் குறுக்கே படுத்தேன் என்று சொன்னதும் தவறு. கதவு மூடிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் எண் ஜன்னல் எதுவென்று கண்ணாடி வழியாக எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிப்பதற்குள் விமானம் திரும்பிவிட்டது.

அதன் பிறகு சக்கர நாற்காலி தள்ளும் ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னண்ணே, நிறுத்திட்டாங்களா? வாரத்துக்கு ரெண்டு பேர் இப்படி நிக்கிறத பாக்கறேன். இடத்துக்கு மேல டிக்கெட் வித்துட்டு வெயிட்டு, காத்துன்னு எதையாவது சொல்லுவாங்க. இஷ்டமில்லாம நிறுத்தினா காரணத்த எழுதிக் குடுக்கணும், ஈட்டுத்தொகை குடுக்கணும், வேற ஏற்பாடு பண்ணணும். உன் உரிமைண்ணே அது. எழுதிக் கேளு” என்றார். நான் எழுந்தேன். அவர், “எதுலயும் கையெழுத்துப் போடலியே?” என்றார். போட்டேன் என்றேன். அவர் சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். பிறகு, “டீ வாங்கிட்டு வரட்டுமாண்ணே?” என்று மட்டும் கேட்டார். அடுத்த விமானம் என்பது மறுநாள் அதே பதினொன்று நாற்பது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பஸ் பிடித்தாலும் மறுநாள் மதியம்தான் போய்ச் சேர முடியும்.

அதன் பிறகு பன்னிரண்டு பத்துக்கு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அக்காவே எடுத்து, “எறங்கிட்டியாடா? அதுக்குள்ளயா?” என்றாள். குரல் கரகரவென்று இருந்தது, ஆனாலும் அவள் குரல்தான். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. விமானத்தில் எடை அதிகமாகிவிட்டது, என்னை மட்டும் நிறுத்திவிட்டார்கள், அதன் பிறகு என்னைவிடக் கனமான ஆளை ஏற்றினார்கள் என்றேன். அவள், “எடையா?” என்றாள். ஆமாம் என்றேன். “அத்தன பேர்ல உன் ஒருத்தன் எடைதான் ப்ளேனுக்குத் தாங்கலையா?” என்றாள். சத்தியமாக அக்கா என்றேன். இதோ பார், பக்கத்தில் இங்கே வேலை செய்பவர் இருக்கிறார், அவரையே கேள் என்று சக்கர நாற்காலிக்காரரிடம் ஃபோனைக் கொடுத்தேன். அவர், “நெசந்தாம்மா, அண்ணன நிறுத்திட்டாங்க” என்றார். திருப்பி வாங்கியபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சாதாரணச் சிரிப்பு அல்ல. “டீக்கடையில ஆள் பிடிச்சியாடா?” என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதக் கேட்டுக்கொள்கிறேன். “எத்தனையோ வாட்டி உன் பேச்சுல வண்டி எடைய கழிச்சு சரக்க எடுத்துக்கிட்டேன்டா. இன்னிக்குக் கழிச்சா ஒண்ணும் நிக்கல. மொத்தமும் வண்டிதான், சரக்கே இல்ல. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். பாலத்துக்கே நான் ஒண்ணும் கேக்கலையே.” இவ்வளவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதன் பிறகு ஏழு தடவை கூப்பிட்டேன். நான்கு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்று தடவை அக்கா மகள் எடுத்து, “அம்மா பேச வேண்டாங்கறாங்க மாமா. தொண்ட வலிக்குதாம்” என்றாள். கடைசியாகக் கூப்பிட்டது ஐந்து ஐம்பத்திரண்டுக்கு. எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. ஆறு மணி ஆகும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தேன். ஆறு ஆனதும் தரை துடைக்கிறவர் காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

அதன் பிறகு மறுநாள் அதே விமானத்தில் அனுப்பினார்கள். பையையும் எடை போடவில்லை, என்னையும் போடவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மருத்துவமனை போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலைதான் பார்க்க விட்டார்கள். அக்கா கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் எழுதி அழிக்கும் பலகை. நர்ஸம்மாவுக்குத் தண்ணீர் என்று எழுதிக் காட்டினாள். மகளுக்கு, மாத்திரை பச்சைப் பையில் என்று எழுதிக் காட்டினாள். அதன் பிறகு நான் கட்டிலுக்கு எதிரில், அவள் சொன்னபடியே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பலகையை அழித்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி மடியில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். பார்வை நேரம் முடியும் வரை கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு அக்கா மகள், “நீங்க சொல்றது நெஜம்னா நான் எழுதிப் போடறேன் மாமா” என்று விமான நிறுவனத்துக்கு ஈட்டுத்தொகை கேட்டு மனு எழுதினாள். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் இருக்கையை விட்டுக்கொடுத்தார், அதற்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான இலவசச் சீட்டைப் பெற்றுக்கொண்டார், ஆகவே ஈட்டுத்தொகை பெற உரிமை இல்லை என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் இணைத்திருந்தார்கள். எடை அதிகம் என்று எங்கேயும் ஒரு சொல் இல்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு நேரில் எடைமேடைக்கே வந்து, ஜன்னல் கம்பி வழியாக நீட்டி, “கையெழுத்து உங்களுதுதானே மாமா?” என்றாள். என்னுடையதுதான் என்றேன். “அம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டேன்” என்றாள். அம்மா என்ன எழுதினாள் என்று கேட்டேன். “ஒண்ணும் எழுதல. கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க” என்றாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அன்றைக்கு நான் போட்ட சீட்டுகளில் இரண்டு தப்பாக இருந்தன என்று முதலாளி சொன்னார். முப்பத்தொரு வருடத்தில் அது முதல் தடவை.

ஈட்டுத்தொகை எதற்கு, அதை என்ன செய்வாய் என்று அலுவலர் கேட்டார். வாங்கி அவர்கள் முகத்திலேயே வீசுவேன் என்று சொன்னேன். அது தவறு, வீசமாட்டேன். விருப்பப்பட்டு விட்டுக்கொடுத்தவனுக்கு அந்தத் தொகை கிடையாது, விருப்பமில்லாமல் நிறுத்தப்பட்டவனுக்குத்தான் உண்டு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டால், நான் வர விரும்பினேன் என்று ஆகும். ஒரு ரூபாய் கொடுத்தாலும் அப்படித்தான் ஆகும். அந்த ஒன்றுக்காகத்தான் மனு கொடுத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் வரிசை தவறிச் சொல்கிறேன். முன்பு சொல்லும்போது ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதைச் சொன்னால் என் மனுவுக்குப் பாதகமாகலாம், எதிர்த்தரப்புக்கு இது தெரியாது, சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை என அலுவலர் எச்சரித்தார். எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொள்கிறேன்.

கவுன்டர் பெண் அட்டை கொடுக்கும்போது, “அவசரமா போறீங்களா சார்?” என்று கேட்டாள். நல்ல பெண். என்னிடம் மட்டும் இல்லை, எனக்கு முன்னால் நின்றவரிடமும் கேட்டாள். அவர், பரீட்சை எழுதப் போகிறேன் என்றார். அவள் குறித்துக்கொண்டாள். என்னிடம் கேட்டபோது அக்கா, ஆபரேஷன், குரல் என்கிற மூன்று சொல்லும் வாய் வரை வந்தன. சொன்னால் அந்தப் பெண் முன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அதனால், “அவசரமா? எனக்கா? மாசத்துக்கு நாலு தடவை பறக்கிறவன்மா நான். சும்மா ஜாலியா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு போறேன். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு” என்றேன். அவள் சிரித்துவிட்டு என் பெயருக்கு நேராகவும் ஏதோ குறித்துக்கொண்டாள். அந்தத் தாளைத்தான் பிறகு சூப்பர்வைசர் கையில் பார்த்தேன். வரிசையில் நான்காவதாக நின்ற என்னை ஏன் கூப்பிட்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஒன்றரை வருடமாகத் தெரியும்.

அவள் கேட்டது அவசரமா என்றுதான். இருக்கையை விட்டுத் தருகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் தரவில்லை. அவர்கள் நிறுத்தியது தவறு. எடை என்று சொன்னது பொய். விருப்பம் என்று எழுதியது அதைவிடப் பெரிய பொய். ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் வாயில் போட்டுக் கொடுத்தவன் நான்தான். இதற்காக மன்றம் தொகையில் எவ்வளவு கழித்தாலும் எனக்குச் சம்மதம். என்னை நிறுத்தினார்கள் என்பதை மட்டும் கழிக்க வேண்டாம்.

அக்கா இப்போதும் பலகையில் எல்லோருக்கும் எழுதுகிறாள். அன்றைக்குச் சொல்ல நினைத்தது என்ன என்று நான் இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை பலகையைக் கவிழ்த்தாள். இன்னொரு தடவை, சொல்ல இருந்தது, எழுத இல்லை, என்று எழுதினாள். எழுதிவிட்டு அவளே அழித்தாள்.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று முத்திரையோடு எனக்கு வேண்டும். அக்காவிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவளுக்குப் படிக்க நன்றாகத் தெரியும்.

எழுத்தர் இதை முதலிலிருந்து படித்துக் காட்டினார். எண்களோடு நிறுத்தாமல் ஒவ்வொரு வரியையும் இரண்டாம் தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் கூட்டிச் சொன்னவை எல்லாம் சொன்ன இடத்திலேயே கழிக்கப்பட்டுவிட்டன. மீதி நிற்பது முழுவதும் சரக்கு. அப்படி அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
மனுதாரர்